விழுந்து நொறுங்கிய பலூன் டெலஸ்கோப் விண்வெளிக்குப் போவது எப்படி? காமா கதிர் வெடிப்பைத் துரத்தும் 'கோசி'யின் கதை

2010 ஏப்ரல் 29. ஆஸ்திரேலியாவின் நட்டநடுவே இருக்கும் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் நகரம். விமான நிலையத்தை ஒட்டிய மைதானத்தில் நாசாவின் ராட்சத பலூன் ஒன்று கிளம்பத் தயாராக நிற்கிறது. கிரேன் வண்டியின் முனையில், டன் கணக்கில் எடையுள்ள ஒரு டெலஸ்கோப் தொங்குகிறது. பலூன் மேலே எழும், கிரேன் பிடியை விடும், டெலஸ்கோப் அலுங்காமல் குலுங்காமல் வானத்துக்குப் போகும். இதுதான் பிளான்.

நடந்ததே வேற. பலூன் எழுந்துவிட்டது, ஆனால் கிரேனின் பிடி விடவில்லை. பலூன் இழுத்த இழுப்பில் டெலஸ்கோப் கிரேனிலிருந்து பிய்த்துக்கொண்டு, தரையில் உரசியபடியே ஓடி, வேலியை உடைத்து, வேடிக்கை பார்க்க வந்தவர்களின் காரைக் கவிழ்த்துவிட்டுத்தான் நின்றது. பக்கத்தில் இருந்தவர்கள் நூலிழையில் தப்பினார்கள். அந்த வீடியோ உலகம் முழுக்க டிவி நியூஸில் ஓடியது.

ஒரு பல்கலைக்கழகக் குழு வருடக்கணக்கில் உழைத்துச் செய்த கருவி, சில நொடிகளில் உருக்குலைந்து கிடந்தது. இதோடு இந்த ஆராய்ச்சிக்கு மூடுவிழா என்றுதான் யாருக்கும் தோன்றியிருக்கும்.

ஆனால், அதே கருவியின் வாரிசுதான் 2027-ல் ஃபால்கன் 9 ராக்கெட்டில் விண்வெளிக்குப் போக இருக்கிறது. பெயர் 'கோசி'. நடுவில் என்ன நடந்தது? ராக்கெட், சாட்டிலைட் எல்லாம் இருக்கிற காலத்தில் டெலஸ்கோப்பை பலூனில் ஏன் கட்டி அனுப்பணும்? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதல்ல, காமா கதிர் வெடிப்புன்னா என்ன?

பிரபஞ்சத்தில் நமக்குத் தெரிந்த வெடிப்புகளிலேயே ஆகப் பிரகாசமானது இதுதான். நம்ம சூரியன் தன் ஆயுள் முழுக்க, அதாவது சுமார் 1,000 கோடி வருடத்தில் வெளியிடும் ஆற்றலை, இது சில நொடிகளில் கொட்டிவிடும்.

இதில் ரெண்டு வகை. 2 நொடிக்கு மேல் நீடித்தால் 'நீண்ட' வெடிப்பு. பெரும்பாலும் ஒரு ராட்சத நட்சத்திரம் தன் எடையைத் தானே தாங்க முடியாமல் உள்ளுக்குள் இடிந்து கருந்துளையாக மாறும்போது வருவது. 2 நொடிக்குள் முடிந்தால் 'குறுகிய' வெடிப்பு. ரெண்டு நியூட்ரான் நட்சத்திரங்கள் மோதி ஒன்றாகும்போது வருவது. 2017 ஆகஸ்ட் 17 அன்று அப்படி ஒரு மோதலின் ஈர்ப்பு அலை பூமியை வந்தடைந்த 1.7 நொடியில், அதே மோதலின் காமா கதிரும் பதிவானது. தங்கம் மாதிரியான கனமான தனிமங்கள் இப்படிப்பட்ட மோதல்களில் உருவாகின்றன என்பதற்கு அன்று வலுவான ஆதாரம் கிடைத்தது.

எல்லாம் ரொம்ப தூரத்து சமாச்சாரம், நமக்கென்ன என்று தோணலாம். 2022 அக்டோபர் 9 அன்று வந்த வெடிப்பின் ஒளி, சுமார் 190 கோடி வருடங்களுக்கு முன்பு கிளம்பியது. அவ்வளவு தூரம் தாண்டி வந்த பிறகும் அது பூமியின் அயனி மண்டலத்தை அசைத்துவிட்டது. அதைக் கவனித்த சாட்டிலைட் கருவிகள் பலவும் வெளிச்சம் தாங்காமல் திணறிப்போயின. இப்படி ஒன்று 10,000 வருடத்துக்கு ஒரு முறைதான் வரும் என்கிறது விஞ்ஞானிகளின் கணக்கு.

சுவாரஸ்யம் என்னன்னா, இந்த வெடிப்புகளை யாரும் தேடிக் கண்டுபிடிக்கவில்லை. 1963-ல் அணுகுண்டு சோதனைத் தடை ஒப்பந்தம் கையெழுத்தானது. சோவியத் யூனியன் ரகசியமாக விண்வெளியில் குண்டு வெடிக்கிறதா என்று கண்காணிக்க அமெரிக்கா 'வேலா' என்ற சாட்டிலைட்களை அனுப்பியது. 1967 ஜூலை 2 அன்று அவற்றில் ஒரு காமா கதிர் மின்னல் பதிவானது. அது அணுகுண்டு மாதிரி இல்லை. சூரியனிலிருந்தும் வரவில்லை. ரே கிளீபசாடல் தலைமையிலான குழு இதுபோன்ற 16 வெடிப்புகளைத் திரட்டி 1973-ல் வெளியிட்டபோதுதான் உலகத்துக்கே விஷயம் தெரிந்தது.

இதைப் பார்க்க பலூன் எதுக்கு?

காரணம், நம் தலைக்கு மேலே இருக்கும் காற்று. காமா கதிரை வளிமண்டலம் தரைக்கு விடாது. நம் உடம்புக்கு அது நல்லது. வானியலுக்கு அது பெரிய தலைவலி. வீட்டு மொட்டை மாடியிலோ மலை உச்சியிலோ டெலஸ்கோப் வைத்து இந்த வெடிப்புகளின் காமா கதிரை நேரடியாகப் பிடிக்க முடியாது. காற்றைத் தாண்டி மேலே போயே ஆகணும்.

பயணிகள் விமானம் பறப்பது 10, 11 கிலோமீட்டர் உயரத்தில். நாசாவின் ஆராய்ச்சி பலூன்கள் மிதப்பது கிட்டத்தட்ட அதைப்போல மூணு மடங்கு, சுமார் 33 கிலோமீட்டர் உயரத்தில். அங்கே போய்விட்டால் வளிமண்டலத்தில் 99 சதவீதத்துக்கும் மேல் கீழேயே நின்றுவிடும். அது விண்வெளி இல்லைதான், ஆனால் அதன் வாசல்படி.

இந்த பலூன் பர்த்டே பார்ட்டி சைஸ் இல்லை. முழுதாக விரிந்தால் ஒரு ஸ்டேடியத்தையே மூடும் அளவு. ஆனால், அதன் தோல் சாப்பாடு பொட்டலம் கட்டும் பிளாஸ்டிக் தாள் மாதிரி மெல்லியது. உள்ளே ஹீலியம்.

சாதாரண ஆராய்ச்சி பலூனில் ஒரு பிரச்னை உண்டு. பகல் வெயிலில் வாயு விரிந்து கொஞ்சம் வெளியேறும். ராத்திரி குளிரில் சுருங்கி பலூன் கீழே இறங்கும். அதைத் தடுக்க, கொண்டுபோன எடையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொட்டணும். எடை தீர்ந்தால் பயணம் முடிந்தது. அதனால்தான் கோடைக்காலத்தில் 24 மணி நேரமும் சூரியன் மறையாத அண்டார்டிகா, பலூன் விஞ்ஞானிகளுக்குப் பிடித்த இடம்.

இதற்கு மாற்றாக வந்ததுதான் 'சூப்பர் பிரஷர்' பலூன். பூசணிக்காய் ஷேப்பில், வரி வரியாக நாடாக்கள் வைத்து இறுக்கி, வாயு வெளியேறாமல் மூடியிருப்பார்கள். உள்ளே அழுத்தம் கூடினாலும் குறைந்தாலும் அளவு பெரிதாக மாறாது. பகல், இரவு எதுவானாலும் ஏறக்குறைய ஒரே உயரத்தில் வாரக்கணக்கில் மிதக்கலாம்.

கண்ணில் படாததே ஒரு சேதியான கதை

1970-களில் பெரிய கேள்வி இதுதான்: இந்த வெடிப்புகள் எங்கே நடக்கின்றன? பக்கத்திலேயே, நம் பால்வெளி மண்டலத்திலா? இல்லை, பல நூறு கோடி ஒளியாண்டுக்கு அப்பாலா?

இதைக் கண்டுபிடிக்க ஒரு எளிய வழி இருந்தது. கார்த்திகை தீபத்தன்று மொட்டை மாடியில் நின்று பார்க்கிறீர்கள் என்று வையுங்கள். பக்கத்து வீட்டு விளக்குகள் பளிச்சென்று தெரியும், எண்ணிக்கை குறைவு. தூரம் போகப் போக மங்கலான விளக்குகள், எண்ணிக்கை ரொம்ப அதிகம். ஊர் முடிவில்லாமல் போய்க்கொண்டே இருந்தால், மங்கல் விளக்குகள் கூடிக்கொண்டே போகும். ஒரு கட்டத்துக்கு மேல் மங்கல் விளக்குகள் எதிர்பார்த்த அளவுக்கு இல்லையென்றால்? ஊர் அங்கே முடிகிறது என்று அர்த்தம்.

அதாவது, மங்கலான காமா கதிர் வெடிப்புகளை எண்ணினால் போதும். அன்றைய சாட்டிலைட் கருவிகள் சின்னவை. மங்கலானவை அவற்றுக்குத் தெரியாது. பெரிய கருவியை மேலே கொண்டுபோக அப்போது இருந்த மலிவான வழி பலூன்தான். நாசாவின் ஜெரால்ட் ஃபிஷ்மேன் குழு 1970-களிலும் 80-களின் தொடக்கத்திலும் பெரிய உணர்கருவிகளை பலூனில் கட்டி அனுப்பியது.

கிடைத்தது? கணக்குப்படி வரவேண்டியதைவிட மிகமிகக் குறைவு. வெளியிலிருந்து பார்த்தால் 'காற்று வாங்கிட்டு வந்த' பயணம். ஆனால் அந்த வெறுமைதான் சேதி. மங்கல் விளக்குகள் இல்லை, அப்படியென்றால் நாம் ஏதோ ஓர் எல்லையைப் பார்க்கிறோம்.

எதன் எல்லை? அதைச் சொன்னது அதே ஃபிஷ்மேன் தலைமையில் உருவாகி, 1991-ல் காம்ப்டன் சாட்டிலைட்டில் பறந்த 'பேட்ஸி' கருவி. 9 வருடத்தில் 2,704 வெடிப்புகளைப் பதிவு செய்தது. அவை வானத்தில் எல்லாத் திசையிலும் சமமாகப் பரவியிருந்தன. பால்வெளியைச் சேர்ந்தவை என்றால் அதன் பட்டையை ஒட்டியே அதிகம் தெரிந்திருக்கணும். ஆக, நாம் பார்த்த எல்லை பால்வெளியின் எல்லை இல்லை என்ற வாதம் வலுத்தது. 1997-ல் வெடிப்புக்குப் பிந்தைய ஒளிர்வைப் பிடித்து தூரம் அளந்தபோது சந்தேகம் தீர்ந்தது. பேட்ஸிக்கு முன்னோடி, அந்த 'வெறுங்கை' பலூன்கள்தான்.

அப்புறம் இன்னும் ஏன் பலூன்?

எங்கே நடக்கிறது என்று தெரிந்துவிட்டது. எதனால் நடக்கிறது என்றும் ஓரளவு தெரியும். தெரியாதது, எப்படி என்பது. கருந்துளை பிறக்கும் இடத்திலிருந்து ஒரு தாரை, கிட்டத்தட்ட ஒளியின் வேகத்தில் பீய்ச்சி அடிக்கிறது. அதைப் பீய்ச்சுவது எது? பலமான காந்தப்புலமா? இல்லை, வேகமும் வெப்பமும் கொண்ட பொருள்கள் ஒன்றோடொன்று மோதுவதா?

இதற்கு விடை சொல்லக்கூடிய ஒரு குணம் ஒளியிடம் இருக்கு: போலரைசேஷன். பிளஸ் டூ பிசிக்ஸ் புத்தகத்தில் 'தளவிளைவு' என்று படித்திருப்பீர்கள். ஒளி அலை எல்லாத் திசையிலும் கன்னாபின்னாவென்று அதிராமல், ஒரே தளத்தில் அதிர்வது. போலராய்டு கூலிங் கிளாஸ் வேலை செய்வது இதை வைத்துத்தான். காமா கதிரில் தளவிளைவு ரொம்ப அதிகமாக இருந்தால், ஒழுங்கான காந்தப்புலம் அங்கே ஆட்சி செய்கிறது என்று அர்த்தம். குறைவாக இருந்தால், கதை வேற.

சிக்கல் என்னன்னா, காமா கதிரை லென்ஸ் வைத்துக் குவிக்க முடியாது, கூலிங் கிளாஸ் வைத்து வடிகட்டவும் முடியாது. எல்லாத்தையும் துளைத்துக்கொண்டு போய்விடும். அப்போ எப்படிப் பிடிப்பது?

கேரம் ஆடியிருக்கிறீர்களா? ஸ்ட்ரைக்கர் ஒரு காயில் பட்டு, அதற்குக் கொஞ்சம் வேகத்தைக் கொடுத்துவிட்டு, திசை மாறி வேறு பக்கம் போகும். காய் எங்கே இருந்தது, எவ்வளவு வேகத்தில் போனது, ஸ்ட்ரைக்கர் அடுத்து எங்கே முட்டியது என்று தெரிந்தால், அது எவ்வளவு கோணம் திரும்பியது என்று கணக்குப் போட்டுவிடலாம். காமா கதிர் எலக்ட்ரானில் பட்டுத் திரும்புவதும் இப்படித்தான். பெயர் 'காம்ப்டன் சிதறல்'.

ஒவ்வொரு மோதலும் வானத்தில் ஒரு வளையத்தைக் காட்டும்: கதிர் இந்த வளையத்தில் எங்கிருந்தோ வந்தது. நூற்றுக்கணக்கான வளையங்கள் வரைந்தால், எல்லாம் வெட்டிக்கொள்ளும் இடத்தில் வெடிப்பு இருக்கும். போனஸாக, சிதறிய கதிர்கள் எந்தப் பக்கம் அதிகம் போயின என்று எண்ணினால் தளவிளைவும் தெரிந்துவிடும்.

இதைச் செய்ய சுத்தமான ஜெர்மேனியம் படிகங்கள் வேணும். அவை கிட்டத்தட்ட மைனஸ் 190 டிகிரி குளிரில்தான் ஒழுங்காக வேலை செய்யும். இப்படி ஒரு நுட்பமான, விலை அதிகமான கருவியை நேராக ராக்கெட்டில் ஏற்றிவிட முடியுமா? மேலே போன பிறகு ஒரு ஒயர் கழன்றாலும் யாரும் போய் மாட்ட முடியாது. அதனால் முதலில் பலூன்.

மூணு முறை அடி, நாலாவது முறை 46 நாள்

கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் ஸ்டீவன் பாக்ஸ் தலைமையிலான குழு இந்த வேலையில் இறங்கியது. கருவியின் அப்போதைய பெயர் 'நியூக்ளியர் காம்ப்டன் டெலஸ்கோப்'. 2005-ல் அமெரிக்காவின் ஃபோர்ட் சம்னரில் ஒரு மாதிரிக் கருவி பறந்தது. 2009-ல் முழுக் கருவி அதே ஊரிலிருந்து ரெண்டு நாளுக்குள் பறந்து முடித்து, நண்டு நெபுலாவின் காமா கதிரைப் பிடித்தது. நல்ல ஆரம்பம், ஆனால் அவ்வளவு குறுகிய நேரத்தில் வெடிப்பைப் பிடிப்பது நடக்கிற காரியமில்லை. முதல் அடி, நேரம்.

அடுத்துதான் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ். நம் பால்வெளியின் மையம் தென்கோளத்தில் தலைக்கு மேலே நன்றாகத் தெரியும் என்பதால் அங்கே போனார்கள். என்ன ஆனது என்று மேலே படித்தீர்கள். விசாரணை முடியும் வரை நாசா தன் பலூன் பயணங்களையே நிறுத்தி வைத்தது. ரெண்டாவது அடி.

குழு கருவியைத் திரும்ப வடிவமைத்தது. சூப்பர் பிரஷர் பலூனுக்கு ஏற்ற மாதிரி மாற்றி, புதுப் பெயரும் வைத்தது: கோசி. 2014 டிசம்பர் கடைசியில் அண்டார்டிகாவிலிருந்து கிளம்பியது. இந்த முறை ஏவுதல் பக்கா. ஆனால் பலூனில் கசிவு. 43 மணி நேரத்தில் கீழே இறக்க வேண்டியதாயிற்று. மூணாவது அடி. ஆனால் பலூனின் பெரிய பிளஸ் இங்கேதான் தெரிந்தது. பனியில் இறங்கிய கருவியைப் போய் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்கள். சாட்டிலைட்டாக இருந்திருந்தால் கதை முடிந்திருக்கும்.

2016 மே 17. நியூசிலாந்தின் வானாகா. காற்று ஒத்துழைக்காமல் பல முறை தள்ளிப்போன பிறகு கோசி மேலே ஏறியது. இந்த முறை பலூன் தாங்கியது. 14 நாளில் தெற்குக் கடல்களைத் தாண்டி உலகத்தை ஒரு சுற்று சுற்றிவிட்டது. மொத்தம் 46 நாள் பறந்து, ஜூலை 2 அன்று தென் அமெரிக்காவின் பெருவில் தரை இறங்கியது.

அந்தப் பயணத்தின் 13-வது நாள், மே 30 அன்று, அவர்கள் எதிர்பார்த்தது நடந்தது. ஒரு நீண்ட காமா கதிர் வெடிப்பு கோசியின் பார்வைக்குள் வந்து விழுந்தது. பெயர் ஜிஆர்பி 160530ஏ. குழு உடனே மற்ற வானியலாளர்களுக்கும் தகவல் அனுப்பியது.

ஒரு வெடிப்பில் என்ன தெரிஞ்சுது?

தளவிளைவு அளவு 46 சதவீதத்துக்கும் குறைவு, 90 சதவீத நம்பகத்தன்மையோடு. 2017-ல் வெளியான முடிவு இது.

'இவ்வளவுதானா?' என்று கேட்டால், நியாயமான கேள்விதான். 46 நாள் பறந்து, ஒரு வெடிப்பு, ஒரு உச்சவரம்பு. ஆனால் அதற்கு முந்தைய வருடங்களில் சில கருவிகள் மிக அதிக தளவிளைவைப் பார்த்ததாகச் சொல்லியிருந்தன. அவற்றில் பல, தளவிளைவை அளப்பதற்கென்றே செய்யப்பட்ட கருவிகள் இல்லை. அதனால் முடிவுகள் மீது சந்தேகம் இருந்தது. கோசி அந்த வேலைக்கென்றே வடிவமைக்கப்பட்டது. அது கொடுத்த எண், 'எல்லா வெடிப்பிலும் தளவிளைவு எக்கச்சக்கம்' என்ற எண்ணத்துக்கு ஒரு பிரேக்.

பிறகு சீனாவின் தியாங்கோங்-2 விண்வெளி ஆய்வகத்தில் பறந்த 'போலார்' கருவி 55 வெடிப்புகளைப் பார்த்தது. அதில் 5 வெடிப்புகளை ஆராய்ந்து, சராசரி தளவிளைவு சுமார் 10 சதவீதம்தான் என்று 2019-ல் சொன்னது. இந்தியாவின் ஆஸ்ட்ரோசாட் பார்த்தவற்றில் சிலவற்றில் மட்டும் அதிகமாக இருந்தது. ஆக, விவாதம் முடியவில்லை. ஒரே வெடிப்புக்குள்ளேயே தளவிளைவின் திசை நொடிக்கு நொடி மாறி, மொத்தமாகக் கூட்டும்போது ஒன்றையொன்று அழித்துவிடுகிறதா என்பதுதான் இப்போதைய கேள்வி. அதைச் சொல்ல இன்னும் நிறைய வெடிப்புகள் வேணும்.

அதே 46 நாளில் கோசி பால்வெளியின் மையத்திலிருந்து வரும், எலக்ட்ரானும் பாசிட்ரானும் மோதி அழியும்போது வெளிப்படும் காமா கதிரையும் படம் பிடித்தது. அதை வைத்து கரோலின் கீரன்ஸ் முனைவர் பட்டம் வாங்கினார். வெடிப்பின் தளவிளைவை வைத்து அலெக்ஸ் லோவல் பட்டம் வாங்கினார். படிக்கும்போதே கருவியைக் கையால் கட்டி, பறக்கவிட்டு, வந்த டேட்டாவை அலசி, பட்டம் வாங்குவது பலூனில்தான் சாத்தியம். சாட்டிலைட் திட்டத்தில் சேரும் மாணவர், படிப்பு முடியும்போதுகூட அது ஏவப்படாமல் இருக்கலாம்.

பலூனுக்கு மைனஸே இல்லையா?

நிறைய இருக்கு. மறைக்க வேண்டாம்.

ஒன்று, அதிர்ஷ்டம். வானம் முழுக்கப் பார்த்தால் சராசரியாக நாளுக்கு ஒரு வெடிப்பு தெரியும். ஆனால் கோசி ஒரு நேரத்தில் பார்ப்பது வானத்தில் கால் பங்குதான். அதிலும் போதிய அளவு பிரகாசமானது வரணும். 46 நாளுக்கு ஒன்று என்பது அதனால்தான்.

ரெண்டு, இரைச்சல். 33 கிலோமீட்டருக்கு மேலேயும் மிச்சம் இருக்கும் கொஞ்சக் காற்றில் காஸ்மிக் கதிர்கள் மோதி, தாமே காமா கதிரை உண்டாக்கும். நிஜ சிக்னலை அதிலிருந்து பிரிப்பது பெரும் பாடு.

மூணு, காற்று. பலூனுக்கு ஸ்டீயரிங் கிடையாது. எங்கே போகும், எங்கே இறங்கும் என்பது காற்றின் கையில்.

நாலு, கசிவு. 2023-ல் வானாகாவிலிருந்து ஒரு மாத இடைவெளியில் ரெண்டு சூப்பர் பிரஷர் பலூன்கள் கிளம்பின. ஏப்ரலில் போன 'சூப்பர்பிட்' டெலஸ்கோப் 39 நாள் பறந்தது. மே மாதம் போன 'யூசோ' டெலஸ்கோப் கசிவால் ரெண்டு நாளுக்குள் பசிபிக் கடலில் மூழ்கியது. அதே ஊர், அதே வகை பலூன். உத்தரவாதம் கிடையாது.

சரி, இதை இப்போ ஏன் பேசணும்?

2021 அக்டோபரில் நாசா கோசியை சாட்டிலைட் திட்டமாகத் தேர்வு செய்தது. ராக்கெட் செலவு இல்லாமல் சுமார் 14.5 கோடி டாலர். பலூனில் 12 ஜெர்மேனியம் படிகங்கள் இருந்தன, சாட்டிலைட்டில் 16 இருக்கும். ஜான் டாம்சிக் தலைமை. இரைச்சல் தரும் காற்று இல்லை, கசிவு பயம் இல்லை, தினமும் முழு வானத்தையும் ஒரு சுற்று பார்த்துவிடும். திட்டமிட்ட ஆயுள் ரெண்டு வருடம்.

இது அவசரமாகத் தேவைப்படுகிற நேரமும்கூட. காமா கதிர் வெடிப்புகளை இப்போது கண்காணிக்கும் முக்கியக் கண்களுக்கு வயசாகிவிட்டது. 'ஸ்விஃப்ட்' போனது 2004-ல், 'ஃபெர்மி' போனது 2008-ல். ஸ்விஃப்ட்டின் சுற்றுப்பாதை வேகமாகத் தாழ்ந்துகொண்டே போகவே, அதை உயர்த்திவிட ஒரு தனியார் நிறுவனத்துக்கு 2025 செப்டம்பரில் நாசா 3 கோடி டாலர் ஒப்பந்தம் கொடுத்தது. பழைய கண்ணுக்கு சிகிச்சை பார்க்கும் நிலைமை.

இன்னொரு பக்கம் பணம். 2026 நிதியாண்டுக்கு அமெரிக்க அரசு முன்வைத்த பட்ஜெட் யோசனையில் நாசாவின் அறிவியல் பிரிவுக்கான நிதியை கிட்டத்தட்ட பாதியாக வெட்டச் சொன்னார்கள். யோசனை வேறு, அந்நாட்டு நாடாளுமன்றம் ஒதுக்கும் பணம் வேறு. ஆனால் இப்படிப்பட்ட நேரங்களில் எப்போதும் ஒரு கேள்வி வரும்: நேரடியாகப் பலன் தெரியாத சின்னத் திட்டங்கள் எதுக்கு? அந்தப் பட்டியலில் பலூன் ஈசியாக வந்துவிடும். ஏனென்றால் அதன் கணக்குப் புத்தகத்தில் தோல்விகள் கண்ணுக்குத் தெரியும்: நொறுங்கியது, கசிந்தது, மூழ்கியது.

ஆனால் கோசியின் கதையைத் திருப்பிப் படித்துப் பாருங்கள். 2010-ல் நொறுங்கியது பலூனில் போன கருவி. அதுவே ராக்கெட்டில் போயிருந்து தோற்றிருந்தால், பல மடங்கு பணம் போயிருக்கும், ரெண்டாவது சான்ஸும் கிடைத்திருக்காது. தோல்வியை மலிவாக வாங்கிக்கொள்ளும் இடம்தான் பலூன். இதே பாதையில் போனவர்கள் வேறு சிலரும் உண்டு. 2012-ல் ஏவப்பட்ட 'நூஸ்டார்' எக்ஸ்-ரே சாட்டிலைட்டின் தொழில்நுட்பம், 2005-ல் 'ஹெஃப்ட்' என்ற பலூன் டெலஸ்கோப்பில் முதலில் பறந்ததுதான்.

இந்தியாவில் இந்த ஏணி இருக்கா?

இருக்கு, அதுவும் பழையது. டாடா ஆதார ஆராய்ச்சி நிறுவனம் ஹைதராபாத்தில் அரை நூற்றாண்டுக்கும் மேலாக பலூன் தளம் நடத்துகிறது. 1960-களின் பிற்பகுதியிலேயே இந்திய விஞ்ஞானிகள் அங்கிருந்து எக்ஸ்-ரே கருவிகளை அனுப்பியிருக்கிறார்கள். அப்படி பலூனில் கற்றுக்கொண்ட அனுபவம்தான், பிறகு ஆஸ்ட்ரோசாட்டின் பெரிய எக்ஸ்-ரே கருவி வரை வந்தது.

2015 செப்டம்பர் 28 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பறந்த ஆஸ்ட்ரோசாட்டின் இன்னொரு கருவியான 'சிஇசட்டிஐ', இதுவரை 600-க்கும் மேற்பட்ட காமா கதிர் வெடிப்புகளைப் பதிவு செய்திருக்கிறது. அடுத்து 'தக்ஷா' என்ற பெயரில், பூமியின் எதிரெதிர்ப் பக்கங்களில் ரெண்டு சாட்டிலைட் வைத்து எப்போதும் முழு வானத்தையும் கண்காணிக்கும் திட்டத்தை ஐஐடி மும்பை உள்ளிட்ட நிறுவனங்கள் முன்மொழிந்திருக்கின்றன.

ஹைதராபாத் பலூன் நமக்கு நியூஸில் வருவது பெரும்பாலும் வேறு மாதிரி. 2025 ஜனவரியில் கர்நாடகாவின் பீதர் மாவட்டத்தில் ஒரு கிராமத்தில் ராட்சத பலூனும் கருவியும் வந்து இறங்க, ஊரே பயந்து கூடியது. 'மர்மப் பொருள்' என்று வீடியோக்கள் பறந்தன. விசாரித்தால், ஆராய்ச்சி முடிந்து வழக்கம்போல இறங்கிய பலூன். அடுத்த முறை அப்படி ஒரு வீடியோ உங்கள் வாட்ஸ்அப் குரூப்புக்கு வந்தால், ஃபார்வர்ட் பண்ணும் முன் இது நினைவுக்கு வரட்டும்.

இனி என்ன?

கோசி திட்டமிட்டபடி 2027-ல் கிளம்பினால், 2005-ல் முதல் மாதிரி பறந்ததிலிருந்து 22 வருடம் ஆகியிருக்கும். ராக்கெட் கிளம்பும் அந்த சில நிமிடங்கள் லைவில் ஓடும், வைரலாகும். ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் வேலியை உடைத்துக்கொண்டு போன அந்த வீடியோவும் கூடவே மறுபடி சுற்றும், 'ஃபெயில்' என்ற தலைப்போடு.

ஆனால் அந்த ராக்கெட்டின் உச்சியில் இருக்கப்போகும் கருவியில் எது தாங்கும், எது தாங்காது என்பதை அதைச் செய்தவர்கள் கற்றுக்கொண்டது பலூன் காலத்தில்தான். பட்ஜெட்டில் எந்தப் படியை வெட்டலாம் என்று பேசும்போது, மேல்படிக்குப் போக கீழ்ப்படி வேணும் என்ற இந்தக் கணக்கையும் சேர்த்துத்தான் பார்க்கணும். அது நாசாவுக்கும் பொருந்தும், நமக்கும் பொருந்தும்.